ராஸ்பெர்ரி பை பிக்கோவில் நட்டெக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஸ்பெர்ரி பை பிக்கோ என்பது 51 மில்லிமீட்டர் நீளமும் 21 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் (செயலி, நினைவகம் எல்லாம் ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி) போர்டு. அதில் நட்டெக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சி மொழி ஓரளவு தெரியும், லினக்ஸ் டெர்மினலில் நாலு கட்டளை அடித்துப் பழக்கம் உண்டு என்றால் போதும். எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை.

நட்டெக்ஸ் என்றால் என்ன?

மைக்ரோகண்ட்ரோலர்களுக்காகவே எழுதப்பட்ட ரியல்-டைம் (வேலை சொன்ன நேரத்துக்குள் நடக்கும் என்று உறுதி தரும்) இயங்குதளம். கிரகோரி நட் என்பவர் இதை 2007-ல் பிஎஸ்டி உரிமத்தில் வெளியிட்டார். பல ஆண்டுகள் பெரும்பாலும் அவர் ஒருவரின் உழைப்பில்தான் வளர்ந்தது. 2019 டிசம்பரில் அப்பாச்சி அறக்கட்டளையின் இன்குபேட்டருக்குள் போய், 2022 நவம்பரில் அங்கே முழுத் திட்டமாக ஆனது. இப்போதைய உரிமம் அப்பாச்சி 2.0.

இதன் தனித்தன்மை, போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரத்தைப் பிடிவாதமாகப் பின்பற்றுவது. ஓப்பன், ரீட், ரைட், பித்ரெட், செமஃபோர் என்று லினக்ஸில் பழகிய அதே அழைப்புகள் இங்கேயும் உண்டு. கருவிகள் எல்லாம் 'டெவ்' அடைவுக்குள் கோப்புகளாகத் தெரியும். 'ப்ராக்' அடைவும் இருக்கிறது. லினக்ஸில் எழுதிய சின்ன நிரல் பல நேரம் கொஞ்சம் தட்டிக் கொட்டினாலே இங்கே ஓடிவிடும்.

இதை யாராவது நிஜமாகப் பயன்படுத்துகிறார்களா, இல்லை பொழுதுபோக்கா?

நிஜமாகத்தான். ட்ரோன்களை ஓட்டும் பிஎக்ஸ்4 மென்பொருள், பிக்ஸ்ஹாக் வகை போர்டுகளில் நட்டெக்ஸின் மேல்தான் ஓடுகிறது. சோனியின் ஸ்ப்ரெசென்ஸ் போர்டுக்கான எஸ்டிகே (நிரல் எழுதுவதற்கான கருவித்தொகுப்பு) நட்டெக்ஸை அடித்தளமாகக் கொண்டது. ஷாவ்மியின் வேலா இயங்குதளமும் அப்படியே. 2024 ஜனவரியில் ஜப்பானின் ஸ்லிம் கலத்தோடு நிலவுக்குப் போய், அங்கே உருண்டு படம் எடுத்த சோரா-க்யூ என்ற பந்து ரோபோவுக்குள் இருந்ததும் ஸ்ப்ரெசென்ஸ் போர்டுதான்.

ஒரு எல்இடியை மின்ன வைக்க இவ்வளவு தேவையா?

தேவையே இல்லை. எல்இடி, ஒரு பட்டன், ஒரு சென்சார் என்ற அளவில் நின்றுவிடும் வேலைக்கு அர்டுயினோவோ மைக்ரோபைதானோ போதும். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு எழுந்து போகலாம்.

ஒரே நேரத்தில் பல வேலை நடக்க வேண்டும் என்கிறபோதுதான் கதை மாறும். சென்சாரை 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை படிக்க வேண்டும், அதற்கிடையே எஸ்டி கார்டில் எழுத வேண்டும், சீரியலில் வரும் கட்டளைக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். இதையெல்லாம் ஒரே 'லூப்' செயற்கூறுக்குள் திணித்தால், கார்டு எழுத நேரமெடுக்கும்போது சென்சார் படிப்பு தவறிப்போகும். அதைச் சரிசெய்யக் கொடி மாறிகள், டைமர் கணக்குகள் என்று சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் நீங்களே ஒரு அரைகுறை இயங்குதளத்தை எழுதி முடித்திருப்பீர்கள். அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் நட்டெக்ஸ்.

அப்படியானால் லினக்ஸையே போட்டுவிடலாமே?

பிக்கோவில் இருக்கும் ஆர்பி2040 சிப்பின் ரேம் மொத்தமே 264 கேபி. சாதாரண லினக்ஸ் கர்னலுக்குச் சில எம்பியாவது வேண்டும். அதோடு, ஒவ்வொரு நிரலுக்கும் தனி முகவரி வெளியைக் காட்டும் எம்எம்யு இந்தச் சிப்பில் கிடையாது. 2012-ல் ஒருவர் 8 பிட் ஏவிஆர் சிப்பில் ஆர்ம் செயலியைப் போலியாக நடிக்கவைத்து, வெளியே ரேம் சேர்த்து, அதன்மேல் லினக்ஸை ஓட்டிக் காட்டினார். ஷெல் வர ஏறத்தாழ 2 மணி நேரம் ஆனது. ரசிக்க வேண்டிய சாதனைதான், வேலைக்கு ஆகாது.

எம்எம்யு இல்லாததன் விளைவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பிக்கோவில் நட்டெக்ஸ் ஓடும் 'ஃபிளாட்' முறையில் கர்னலும் உங்கள் நிரலும் சுவரில்லாத ஒரே கூடத்தில் குடியிருக்கின்றன. உங்கள் நிரலின் ஒரு தவறான பாயின்டர் கர்னலின் நினைவகத்தையே அழித்துவிடலாம். லினக்ஸில் நடப்பதுபோல அந்த நிரல் மட்டும் செத்து மற்றதெல்லாம் பிழைத்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 'ஃபோர்க்' அழைப்பையும் லினக்ஸில் போல நம்ப முடியாது. புதிய வேலையைத் தொடங்க பித்ரெட் அல்லது போசிக்ஸ் ஸ்பான் வழியே போங்கள்.

ஃப்ரீஆர்டிஓஎஸ், ஸெஃபிர் எல்லாம் இருக்க நட்டெக்ஸ் எதற்கு?

ஃப்ரீஆர்டிஓஎஸ் 2003-லிருந்து இருக்கிறது. 2017-லிருந்து அமேசானின் பொறுப்பில் உள்ளது. அது அடிப்படையில் டாஸ்க்குகளை (தனித்தனியாக ஓடும் வேலைகளை) பிரித்து ஓட்டும் ஒரு சின்ன கர்னல்; கோப்பு முறைமை, ஷெல், டிரைவர் எல்லாம் தனித்தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். ஸெஃபிர் 2016-ல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்தது. பெரிய சிப் நிறுவனங்களின் ஆதரவு அதற்கு உண்டு, புளூடூத்தில் அது வலுவானது. ஆனால் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ்ட்ரீ, பில்டுக்கான வெஸ்ட் கருவி, அதன் சொந்த ஏபிஐ என்று முதல் வாரத்திலேயே நிறையப் படிக்க வேண்டியிருக்கும்.

என் கணிப்பு இது: வேலைவாய்ப்பை மனதில் வைத்துப் படிப்பவர் ஸெஃபிரைத் தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸ் தெரிந்து, போர்டுக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்படுபவருக்கு நட்டெக்ஸ்தான் சுகம். முதல் நாளே ஒரு ஷெல் கைக்கு வருகிறது. போர்டைப் பற்றி யூகிப்பதற்குப் பதிலாக அதனிடமே கேட்டுவிடலாம்.

என்னென்ன வாங்க வேண்டும்?

பிக்கோ போர்டு ஒன்று. மைக்ரோ யூஎஸ்பி கேபிள் ஒன்று, அதுவும் தரவு போகிற கேபிள். பழைய பவர் பேங்க்கோடு வந்த கேபிள்கள் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். போர்டுக்கு மின்சாரம் போகும், கணினிக்கோ எதுவும் தெரியாது.

மூன்றாவது, போர்டின் சீரியல் பின்களில் வருவதைக் கணினியில் படிக்க ஒரு யூஎஸ்பி-சீரியல் மாற்றி. இது இல்லாமலும் சமாளிக்கலாம், ஆனாலும் வாங்கிவிடுங்கள். வாங்கும்போது 3.3 வோல்ட் சிக்னல் தருவதா என்று பாருங்கள். சில மாற்றிகளில் 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே மாற்ற ஒரு சின்ன ஜம்பர் இருக்கும். பிக்கோவின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் கொடுத்தால் சிப் கெட்டுப்போகலாம்.

கணினியில் என்ன வேண்டும்? விண்டோஸில் முடியுமா?

உபுண்டு போன்ற லினக்ஸ் இருந்தால் எளிது. விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல்லுக்குள் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) பில்டு செய்துகொண்டு, பில்டான கோப்பை எக்ஸ்ப்ளோரரில் நகலெடுத்து, சீரியலுக்குப் புட்டி மென்பொருளைத் திறந்துகொள்ளலாம். யூஎஸ்பி போர்டை டபிள்யூஎஸ்எல்லுக்குள் இழுத்து வரும் தலைவலி இதில் இல்லை.

நிறுவ வேண்டியவை: ஆர்ம் சிப்புகளுக்கான ஜிசிசி கம்பைலர், மேக், கிட், ஃப்ளெக்ஸ், பைசன், ஜிபெர்ஃப், அப்புறம் எந்தெந்த வசதிகள் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க உதவும் கேகான்ஃபிக்-ஃப்ரன்ட்எண்ட்ஸ் அல்லது பைதானில் எழுதிய கேகான்ஃபிக்லிப். கடைசியில் சொன்னது இல்லாவிட்டால் பில்டு முதல் அடியிலேயே நின்றுவிடும். பிழைச்செய்தியைப் பார்த்தால் கம்பைலர் கோளாறு மாதிரித் தோன்றும், ஏமாந்துவிடாதீர்கள்.

பில்டு செய்வது எப்படி?

மூலநிரல் இரண்டு கிட் களஞ்சியங்களாக இருக்கிறது. ஒன்று கர்னல், மற்றது நிரல்கள். இரண்டையும் ஒரே அடைவுக்குள் அக்கம்பக்கமாக இறக்குங்கள். இரண்டாவதன் அடைவுக்கு 'ஆப்ஸ்' என்று பெயர் வையுங்கள், கர்னல் அந்தப் பெயரில்தான் தேடும். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். கர்னல் புதியது, ஆப்ஸ் பழையது என்றால் புரியாத பிழைகள் வரிசையாக வரும்.

பிக்கோவுக்குக் கூடுதலாக ராஸ்பெர்ரி பையின் பிக்கோ எஸ்டிகேயும் வேண்டும். சிப் விழித்ததும் ஃபிளாஷைத் தயார்செய்யும் இரண்டாம் நிலை பூட் நிரல் அதிலிருந்துதான் வருகிறது. அதை இறக்கி, அந்த அடைவின் முழு முகவரியைப் பிக்கோ எஸ்டிகே பாத் என்ற சூழல் மாறியில் சொல்லிவிடுங்கள்.

பிறகு கர்னல் அடைவுக்குள் போய் 'டூல்ஸ்' அடைவில் இருக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். அதற்குப் போர்டின் பெயரையும் கான்ஃபிக்கின் (எந்தெந்த வசதிகள் வேண்டும் என்ற தயார் அமைப்பு) பெயரையும் நடுவில் ஒரு முக்காற்புள்ளி இட்டுக் கொடுப்பது வழக்கம். பிக்கோவுக்குத் தொடக்கத்தில் இரண்டு கான்ஃபிக் போதும்: 'என்எஸ்ஹெச்' என்பது ஷெல்லை சீரியல் பின்களில் தரும், 'யூஎஸ்பிஎன்எஸ்ஹெச்' அதே ஷெல்லை யூஎஸ்பி கேபிள் வழியாகவே தரும். அடுத்து வெறும் 'மேக்'. முடிவில் யூஎஃப்2 என்ற நீட்சியோடு ஒரு கோப்பு கிடைக்கும். பிக்கோவின் 2 எம்பி ஃபிளாஷில் அது தாராளமாக அடங்கும்.

போர்டு கையில் வர நாளாகும். அதுவரை?

காத்திருக்க வேண்டாம். நட்டெக்ஸில் 'சிம்' என்று ஒரு போலிப் போர்டு உண்டு. அதற்கான என்எஸ்ஹெச் கான்ஃபிக்கைத் தேர்ந்தெடுத்து மேக் கொடுத்தால், உங்கள் லினக்ஸ் கணினியிலேயே சாதாரண நிரலாக நட்டெக்ஸ் ஓடும். ஷெல் பழக, சொந்த நிரல் சேர்த்துப் பார்க்க, த்ரெட் விளையாட்டுகள் விளையாட அது போதும். போர்டு வந்த பிறகும் வன்பொருள் சம்பந்தப்படாத பகுதியை சிம்மில் எழுதிச் சோதிப்பதே வேகமான வழி.

கோப்பை போர்டில் போட்டதும் டிரைவ் காணாமல் போய்விட்டது. கெடுத்துவிட்டேனா?

இல்லை, அதுதான் வெற்றி. போர்டில் இருக்கும் பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகினால் பிக்கோ ஒரு பென்டிரைவ் போலத் தோன்றும். யூஎஃப்2 கோப்பை அதில் போட்ட கணமே சிப் அதை ஃபிளாஷில் எழுதிவிட்டு, தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டு புதிய நிரலை ஓட்டத் தொடங்கும். அதனால்தான் டிரைவ் மறைகிறது. 'முறையாக வெளியேற்றப்படவில்லை' என்று கணினி புலம்பினால் கண்டுகொள்ள வேண்டாம்.

பூட்செல் வழியைக் கையாளும் நிரல் சிப்பின் ரோமில் இருக்கிறது, அதை யாரும் அழிக்க முடியாது. எவ்வளவு மோசமான நிரலை ஏற்றினாலும் பட்டனை அழுத்திச் செருகினால் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். பழகுவதற்குப் பிக்கோவைப் பரிந்துரைக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சீரியலில் ஒன்றுமே வரவில்லையே?

நட்டெக்ஸ் தொடங்குபவர்களின் நேரத்தை அதிகம் தின்பது இதுதான். காரணம் பெரும்பாலும் ஒயரில்தான் இருக்கும். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் எந்த கான்ஃபிக்கை ஏற்றினீர்கள் என்று பாருங்கள். என்எஸ்ஹெச் கான்ஃபிக்கை ஏற்றிவிட்டு யூஎஸ்பி கேபிளில் ஷெல்லை எதிர்பார்த்தால் வராது. யூஎஸ்பிஎன்எஸ்ஹெச் என்றால், டெர்மினலைத் திறந்ததும் என்டர் விசையை மூன்று முறை தட்டுங்கள். அதன் பிறகுதான் ஷெல் கண்விழிக்கும். பலரும் முதல் என்டரோடு விட்டுவிட்டுக் கேபிளைச் சந்தேகிக்கிறார்கள்.

என்எஸ்ஹெச் என்றால் ஒயர்களுக்கு வாருங்கள். போர்டின் 1-ஆம் பின் (ஜிபி0) அனுப்பும் பின், 2-ஆம் பின் (ஜிபி1) வாங்கும் பின், 3-ஆம் பின் கிரவுண்ட். போர்டு அனுப்புவதை யூஎஸ்பி-சீரியல் மாற்றி வாங்க வேண்டும் அல்லவா, எனவே பிக்கோவின் டிஎக்ஸ் (அனுப்பும் பின்) மாற்றியின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் பின்) போக வேண்டும், மற்றது அதற்கு எதிர். கிரவுண்டை இணைக்க மறந்தால் ஒன்றும் வராது, அல்லது குப்பை எழுத்துகள் வரும். வேகம் 115200. குப்பை மட்டும் வந்தால் வேகத்தைச் சரிபாருங்கள்.

லினக்ஸில் போர்ட்டைத் திறக்கவே 'அனுமதி இல்லை' என்று வந்தால், உங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

ஷெல் வந்துவிட்டது. இனி என்ன?

'ஹெல்ப்' அடியுங்கள். மேலே ஷெல்லின் சொந்தக் கட்டளைகளும், கீழே உள்ளே கட்டப்பட்ட நிரல்களும் பட்டியலாக வரும். அடுத்து 'ஃப்ரீ': மொத்த ஹீப் (மால்லாக் எடுத்துக்கொள்ளும் நினைவகம்) எவ்வளவு, எவ்வளவு தீர்ந்தது, தொடர்ச்சியாகக் கிடைக்கும் பெரிய துண்டு எவ்வளவு என்று காட்டும். கடைசியில் சொன்ன எண்ணைக் கவனியுங்கள். மொத்தத்தில் 100 கேபி மிச்சம் இருந்தும் பெரிய துண்டு 8 கேபிதான் என்றால், 10 கேபி மால்லாக் தோற்றுப்போகும்.

'பிஎஸ்' கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்குகளை அவற்றின் முன்னுரிமை, நிலை, ஸ்டாக் (செயற்கூறுகளின் உள்மாறிகள் தங்கும் நினைவகம்) அளவோடு காட்டும். 'டெவ்' அடைவைப் பட்டியலிட்டால் எந்தெந்த டிரைவர்கள் உயிரோடு இருக்கின்றன என்று தெரியும். நீங்கள் எதிர்பார்க்கும் கருவியின் பெயர் அங்கே இல்லையென்றால் நிரலைத் திருத்திப் பயனில்லை, கான்ஃபிக்கில்தான் பிரச்சினை. ஒரு நிரலின் பெயருக்குப் பின்னால் 'அண்ட்' குறி போட்டால் அது பின்னணியில் ஓடும். லினக்ஸ் பழக்கம் அப்படியே கைகொடுக்கும்.

என் சொந்த நிரலை எப்படிச் சேர்ப்பது?

ஆப்ஸ் அடைவுக்குள் 'எக்ஸாம்பிள்ஸ்', அதற்குள் 'ஹலோ' என்று ஒன்று இருக்கிறது. அந்த அடைவை முழுதாக நகலெடுத்து வேறு பெயர் வையுங்கள். உள்ளே சி கோப்போடு பில்டுக்கான சில சின்னக் கோப்புகள் இருக்கும். கேகான்ஃபிக் கோப்பு, 'மேக் மெனுகான்ஃபிக்' கட்டளையில் திறக்கும் மெனுவில் உங்கள் நிரலைத் தோன்றவைக்கிறது, மேக்.டெஃப்ஸ் அதைப் பில்டில் சேர்க்கிறது, மேக்ஃபைல் நிரலின் பெயர், முன்னுரிமை, ஸ்டாக் அளவு ஆகியவற்றைச் சொல்கிறது. எல்லாவற்றிலும் 'ஹலோ' என்று வரும் இடங்களை உங்கள் பெயருக்கு மாற்றி, மெனுவில் போய் டிக் செய்து, மறுபடி மேக். ஷெல்லில் ஹெல்ப் அடித்தால் உங்கள் நிரலின் பெயரும் பட்டியலில் இருக்கும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். லினக்ஸில்போல நிரல் தனிக் கோப்பாகச் சேமிப்பில் இருந்து பிறகு ஏற்றப்படுவதில்லை. கர்னல், ஷெல், உங்கள் நிரல் எல்லாம் ஒரே பிம்பமாக இணைக்கப்பட்டு ஃபிளாஷுக்குப் போகின்றன. ஒரு வரி மாற்றினாலும் முழு பிம்பத்தையும் மறுபடி ஏற்ற வேண்டும். இயங்கும்போது நிரலை ஏற்றும் வசதியும் நட்டெக்ஸில் உண்டு, தொடக்கத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மெனுகான்ஃபிக்கைத் திறந்தால் தலை சுற்றுகிறது.

சுற்றத்தான் செய்யும். நட்டெக்ஸுக்குக் கொடுக்கும் விலையே இதுதான். மிகச் சிறிய சிப்பிலிருந்து கைபேசிச் சிப் வரை ஒரே மூலநிரல் ஓடுவதால், எதையெல்லாம் சேர்ப்பது, எதையெல்லாம் விடுவது என்ற முடிவு முழுக்க உங்கள் தலையில் விழுகிறது. சில பழக்கங்கள் உதவும்.

கிளை கிளையாக இறங்கித் தேடாதீர்கள். சாய்கோட்டு விசையைத் தட்டினால் தேடல் வரும், விருப்பத்தின் பெயரை அடித்தால் அது எங்கே இருக்கிறது, எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும். மெனுவில் ஒரு விருப்பம் கண்ணிலேயே படவில்லை என்றால் அது சார்ந்திருக்கும் இன்னொன்றை நீங்கள் இன்னும் இயக்கவில்லை என்று பொருள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஏற்றி, ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 'சேவ்டெஃப்கான்ஃபிக்' மேக் கட்டளையால் சுருக்கமான கான்ஃபிக் கோப்பை எடுத்து கிட்டில் போட்டுவிடுங்கள். முழு கான்ஃபிக் கோப்பு நீண்டுகொண்டே போகும், அதில் வித்தியாசம் பார்க்க முடியாது. சுருக்கக் கோப்பில் நீங்கள் மாற்றியது மட்டும் பளிச்சென்று தெரியும். வேறு கான்ஃபிக்குக்கோ வேறு போர்டுக்கோ மாறும் முன் 'டிஸ்ட்க்ளீன்' கொடுங்கள். ஆனால் அது உங்கள் கான்ஃபிக்கையும் சேர்த்து அழித்துவிடும், சேமித்த பிறகு கொடுங்கள்.

தசம எண்ணை அச்சிட்டால் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே 'ஃப்ளோட்' என்று வருகிறதே?

நிரல் சரிதான். அச்சிடும் செயற்கூறில் தசம எண் ஆதரவைச் சேர்த்தால் பிம்பம் பெரிதாகும் என்பதால் அதை விருப்பமாக விட்டிருக்கிறார்கள். மெனுவில் சி நூலகப் பகுதியில் ஃப்ளோட்டிங் பாயிண்ட் விருப்பத்தை இயக்குங்கள். ஆர்பி2040-ன் கோர்டெக்ஸ்-எம்0+ கோர்களில் தசமக் கணக்குக்கான வன்பொருள் இல்லை, எல்லாம் மென்பொருளில்தான் நடக்கும். அதனால் வெப்பநிலையை 27.5 என்று வைத்துக்கொள்வதைவிட 275 என்ற முழு எண்ணாக வைத்து, காட்டும்போது மட்டும் புள்ளி போடுவது இந்தச் சிப்பில் நல்ல பழக்கம்.

கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, திடீரென்று நின்றுவிடுகிறது. ஏன்?

முதல் சந்தேகம் ஸ்டாக் மேல்தான். கணினியில் ஒரு த்ரெட்டுக்குச் சில எம்பி ஸ்டாக் கிடைக்கும். இங்கே ஒரு டாஸ்க்குக்கு இயல்பாகக் கிடைப்பது 2048 பைட்டுதான். செயற்கூறுக்குள் 1 கேபி அளவில் ஒரு வரிசையை அறிவித்துவிட்டு அதற்குள்ளிருந்து பிரின்ட்எஃப் அழைத்தால் கதை முடிந்தது. ஸ்டாக் எல்லை தாண்டிப் பக்கத்து நினைவகத்தை அழிக்கும். சுவர் இல்லை என்று முன்பே சொன்னேன். விளைவு உடனே தெரியாது, சம்பந்தமே இல்லாத வேறொரு டாஸ்க் பத்து நிமிடம் கழித்து விழும்.

யூகிப்பதை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். மெனுவில் 'ஸ்டாக் கலரேஷன்' என்று ஒரு விருப்பம் உண்டு. டாஸ்க் தொடங்கும்போது அதன் ஸ்டாக் முழுவதையும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் நிரப்பிவிடும். பிறகு பிஎஸ் அடித்தால், அந்த எண் எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு டாஸ்க்கும் அதிகபட்சம் எவ்வளவு ஸ்டாக்கைத் தொட்டது என்று சதவீதத்தில் சொல்லும். 80 சதவீதத்தை எட்டினால் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி வரும். உங்கள் நிரலை அதன் மிகக் கடினமான வேலையைச் செய்யவிட்டு, பிறகு பிஎஸ் பாருங்கள். சும்மா இருக்கும்போது பார்த்த எண்ணை நம்பாதீர்கள்.

விழும்போது சீரியலில் ரெஜிஸ்டர்களும் ஸ்டாக்கும் பதினறும எண்களாகக் கொட்டும். அதைப் பார்த்ததும் ரீசெட் பண்ணிவிடாமல் நகலெடுத்து வையுங்கள். அதில் இருக்கும் புரோகிராம் கவுண்டரின் மதிப்பை 'அட்ரெஸ்-டு-லைன்' கருவியிடம், பில்டில் கிடைத்த எல்ஃப் கோப்போடு கொடுத்தால், எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி என்று சொல்லிவிடும். பிழைத் தகவலோடு பில்டு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதுவும் போதவில்லை என்றால் இன்னொரு பிக்கோவை வாங்கி அதில் டீபக்ப்ரோப் நிரலை ஏற்றி, முதல் போர்டின் ஓரத்தில் இருக்கும் மூன்று எஸ்டபிள்யூடி (பிழைதிருத்தத்துக்கான) முனைகளோடு இணையுங்கள். ஓப்பன்ஓசிடி, ஜிடிபி என்ற பிழைதிருத்தக் கருவிகள் இரண்டும் சேர்ந்தால் ஓடும் நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்கலாம்.

ரியல்-டைம் என்றால் வேகம் என்று பொருளா?

இல்லை. சொன்ன நேரத்துக்குள் நடக்கும் என்ற உறுதி. நட்டெக்ஸில் முன்னுரிமை எண் 1 முதல் 255 வரை, எண் பெரிதானால் முன்னுரிமையும் பெரிது. இயல்பு மதிப்பு 100. ஓடத் தயாராக இருப்பவற்றில் மேலே இருப்பது எப்போதும் ஓடும், கீழே இருப்பது காத்திருக்கும். கருணையெல்லாம் கிடையாது. 150-ல் ஒரு டாஸ்க் தூங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் 100-ல் இருக்கும் ஷெல் உங்களுக்குப் பதிலே சொல்லாது. 'போர்டு தொங்கிவிட்டது' என்று வரும் புகார்களில் பல இந்த வகைதான்.

இன்னொன்று, இயல்பான டிக் (இயங்குதளம் நேரத்தை எண்ணும் அலகு) 10 மில்லிவினாடி. 1 மில்லிவினாடி தூங்கச் சொன்னால் அதற்கு மேல்தான் தூங்கும். நுண்ணிய நேரம் வேண்டுமென்றால் டிக்கைக் குறைக்கலாம், அல்லது வன்பொருள் டைமரைப் பயன்படுத்தலாம்.

முன்னுரிமைகளோடு பூட்டுகள் (பகிர்ந்த ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் தொடும்படி தடுப்பவை) சேரும்போது வரும் சிக்கலுக்குச் செவ்வாய்க் கிரகத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1997 ஜூலையில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் அடிக்கடி தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வணிக இயங்குதளம். வானிலைத் தரவு சேகரிக்கும் கீழ் முன்னுரிமை டாஸ்க் ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. மேல் முன்னுரிமையில் இருந்த பஸ் டாஸ்க் (கருவிகளுக்கு இடையே தரவு போகும் தடத்தைக் கவனிப்பது) அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுவில் புகுந்த ஒரு நடுத்தர டாஸ்க் கீழே இருப்பதை ஓடவே விடவில்லை, அதனால் பூட்டும் விடுபடவில்லை. பஸ் வேலை நேரத்துக்கு முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு கலத்தையே ரீசெட் செய்தது. பொறியாளர்கள் பூமியில் இருந்த நகல் கலத்தில் இதை வரவழைத்துக் காரணம் கண்டுபிடித்து, முன்னுரிமை வாரிசு முறையை இங்கிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள். பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்கு, காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பதுதான் அந்த முறை. நட்டெக்ஸ் மெனுவிலும் 'ப்ரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்' என்ற பெயரில் அது இருக்கிறது. வெவ்வேறு முன்னுரிமை டாஸ்க்குகள் ஒரே மியூடெக்ஸை (பூட்டை) பகிர்ந்தால், அது இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிக்கோவில் இரண்டு கோர் இருக்கிறதே, இரண்டும் ஓடுமா?

ஓடும். பிக்கோவுக்கு 'எஸ்எம்பி' (இரண்டு கோரையும் சேர்த்து ஓட்டும் முறை) என்று தனி கான்ஃபிக் உண்டு. ஆனால் அதில் தொடங்காதீர்கள். ஒரு கோரில் மறைந்திருக்கும் பூட்டுப் பிழைகள் இரண்டாவது கோர் வந்ததும்தான் வெளியே வரும். முதலில் ஒற்றைக் கோரில் நிரலை நிலைநிறுத்துங்கள்.

ஐ-ஸ்கொயர்ட்-சி சென்சார் வேலை செய்கிறதா என்று நிரல் எழுதாமல் பார்க்க முடியுமா?

முடியும். மெனுவில் ஐ-ஸ்கொயர்ட்-சி (இரண்டு சிக்னல் ஒயரில் பல சென்சார்களை இணைக்கும் முறை) டிரைவரையும் அதே பெயரில் இருக்கும் கருவி நிரலையும் இயக்குங்கள். ஷெல்லில் அந்தக் கருவியின் 'டெவ்' கட்டளையைக் கொடுத்தால் பஸ்ஸில் பதில் சொல்லும் முகவரிகளை அட்டவணையாகக் காட்டும். பிஎம்பி280 என்ற அழுத்தமானி என்றால் பதினறும எண்ணில் 76 அல்லது 77 தெரிய வேண்டும். அட்டவணை காலியாக இருந்தால் டிரைவர் நிரலைத் திறக்காதீர்கள். ஒயர், மின்சாரம், புல்-அப் மின்தடை, கான்ஃபிக்கில் சொன்ன பின் எண்கள், இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

தரவைச் சேமிக்க எது நல்லது?

கணினியில் எடுத்துப் படிக்க வேண்டும் என்றால் எஸ்டி கார்டும் ஃபேட் முறைமையும். போர்டுக்குள்ளேயே இருக்கட்டும், மின்சாரம் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றால் லிட்டில்எஃப்எஸ். எழுதும் நடுவில் மின்சாரம் போனாலும் பழைய நிலைக்குத் திரும்பும்படி அது வடிவமைக்கப்பட்டது. பிக்கோவின் சொந்த ஃபிளாஷில் எழுதும்போது ஒரு சங்கதி உண்டு: நிரலும் அதே ஃபிளாஷிலிருந்துதான் நேரடியாக ஓடுகிறது. எழுதும் நேரத்தில் அங்கிருந்து எதையும் படிக்க முடியாது, எனவே அந்தச் சில கணம் மற்ற டாஸ்க்குகள் நின்று காத்திருக்கும். அடிக்கடி எழுதும் வேலைக்கு எஸ்டி கார்டே மேல்.

பிக்கோ டபிள்யூவில் எல்இடி எரியவில்லை. பின் எண் 25 தானே?

சாதாரண பிக்கோவில் 25 சரி. பிக்கோ டபிள்யூவில் எல்இடி வைஃபை சிப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது, முதன்மைச் சிப்போடு இல்லை. அதற்கான கான்ஃபிக் தனி, போர்டின் பெயரும் தனி. பிக்கோ 2 என்றாலும் அப்படித்தான். அதில் இருப்பது ஆர்பி2350 என்ற வேறு சிப், 520 கேபி ரேம். பழைய யூஎஃப்2 கோப்பு அதில் ஓடாது.

நான் விற்கப்போகும் கருவியில் நட்டெக்ஸைப் போடலாமா? என் மூலநிரலைத் திறக்க வேண்டுமா?

போடலாம், திறக்க வேண்டியதில்லை. அப்பாச்சி 2.0 உரிமம் உங்கள் சொந்த நிரலை வெளியிடச் சொல்வதில்லை. உரிமத்தின் நகலும், நோட்டிஸ் கோப்பில் இருக்கும் அறிவிப்புகளும் பொருளோடு போக வேண்டும். நட்டெக்ஸின் கோப்புகளில் எதையாவது திருத்தி மூலநிரலாகக் கொடுத்தால், திருத்தியிருக்கிறோம் என்று அந்தக் கோப்பில் குறிப்பிட வேண்டும். களஞ்சியத்துக்குள் பிஎஸ்டி, எம்ஐடி போன்ற வேறு உரிமங்களில் வந்த கோப்புகளும் உண்டு. 'லைசென்ஸ்' கோப்பில் அவற்றின் விவரம் இருக்கிறது. ஆப்ஸ் பக்கத்திலிருந்து வெளி நூலகம் எதையாவது மெனுவில் இயக்கினால் அதன் உரிமத்தைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள். பில்டு செய்யும்போதே இணையத்திலிருந்து இறங்கும் சில நூலகங்கள் வேறு நிபந்தனைகளோடு வரும்.